ஒலிபரப்பாகாத அழைப்புகள்

காலை நிகழ்ச்சியில் தொலைபேசி இணைப்புகள் காலியாகக் கிடந்தால், அவற்றை நிரப்ப ஒரு நிச்சயமான வழி உண்டு. “அண்மையில் நீங்கள் செய்த பெரிய சொதப்பல் என்ன?” என்று கேட்டால் போதும். அடுத்த பாட்டு முடிவதற்குள் எல்லா விளக்குகளும் மின்னத் தொடங்கிவிடும்.

ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்க வேண்டியவர் அசந்து தூங்கி, துவாஸ் லிங்க் வரை போய்த் திரும்பியிருப்பார். இன்னொருவர் பக்கத்து புளோக்கில் மின்தூக்கி ஏறி, அதே மாடியில் அதே எண்ணுள்ள கதவில் தன் சாவியைப் போட்டுத் திருகு திருகென்று திருகியிருப்பார், உள்ளேயிருந்து ஒரு சீனப் பாட்டி சத்தம் போடும்வரை. முதலாளியைப் பற்றிப் புலம்பிய குரல்பதிவை முதலாளிக்கே அனுப்பிவிட்ட ஒருவர், அதே இடத்தில் இன்னும் வேலை பார்ப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். நம் அசட்டுத்தனத்தை ஊர் கேட்கச் சொல்ல நமக்கு வெட்கமே கிடையாது. ஒரு விஷயத்தைத் தவிர.

“மோசடிக் குறுஞ்செய்தியை நம்பிப் பணத்தை விட்ட அனுபவம் இருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் அழைப்புகள் வரும். ஆனால் பேசுகிறவர்கள் எல்லாரும் தப்பித்தவர்கள். “எனக்கு அப்பவே சந்தேகம் வந்துடுச்சு மா” என்றுதான் ஒவ்வொரு கதையும் முடியும். பணத்தை விட்டவர்கள், பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது மெதுவாக அழைப்பார்கள். அவர்களுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இது ரேடியோவுல போகாதுல்ல?”

அப்படி அழைத்தவர்களில் ஒருவர் கணினித் துறையில் வேலை பார்க்கும் இளைஞர். வயது முப்பதைத் தொட்டிருக்காது. வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை என்று வந்த செய்தியை நம்பி, முதலில் நூறு, பிறகு ஐந்நூறு என்று அனுப்பிக்கொண்டே போயிருக்கிறார். எவ்வளவு போனது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “அம்மாவுக்குத் தெரியாது” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

வயதானவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பதிவான மோசடிச் சம்பவங்கள் 51,501. பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளி. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று காவல்துறையே சொன்னது. முதியவர் ஒருவர் இழக்கும் சராசரித் தொகைதான் மற்றவர்களைவிட அதிகம்.

இனி என் பெரியம்மாவின் கதை. அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு 64 வயது. வடக்கே ஒரு பேட்டையில் பெரியப்பாவோடு இருக்கிறார். கைப்பேசியில் காய்கறி வாங்குவார், மின்கட்டணம் கட்டுவார், சென்னையில் சேலைக் கடைக்காரரோடு காணொளி அழைப்பில் பேரம் பேசுவார். எங்கள் அம்மாவைவிட இந்த விஷயங்களில் கெட்டிக்காரர். ஆனால் குடும்பத்தில் அவருக்கு வேறு ஒரு பெயர் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் உறவினர் ஒருவர் காலமானபோது, “ஆழ்ந்த அனுதாபங்கள், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்று எழுதி, தேதி குறித்த சந்தோஷத்தில் இருந்த எங்கள் சித்தப்பா மகளின் கல்யாண வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அன்றிலிருந்து எந்தத் தீபாவளி விருந்திலும் மாமா இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. பெரியம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

பேத்தியின் காதுகுத்துக்காகப் பெரியம்மா சென்னையிலிருந்து ஒரு சேலை வரவழைத்திருந்தார். வர வேண்டிய நாள் தாண்டி நான்கு நாளாகியும் பார்சலைக் காணோம். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவருக்கு ஒரு செய்தி வந்தது. முகவரி முழுமையாக இல்லாததால் பார்சல் கிடங்கில் நிற்கிறது, மறுபடி அனுப்ப 1.99 வெள்ளி கட்டவும், கீழே இணைப்பு.

அனுப்பியவருக்குப் பெரியம்மாவையும் தெரியாது, சேலையையும் தெரியாது. ஒரே செய்தியை அவர்கள் ஆயிரக்கணக்கான எண்களுக்குத் தட்டிவிடுகிறார்கள். இந்தத் தீவில் எந்த நேரத்திலும் யாரோ ஒருவர் ஒரு பார்சலுக்காகக் காத்துக்கொண்டுதான் இருப்பார். காத்திருக்காதவர் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டு அழித்துவிடுவார், மறுநாள் அலுவலகத்தில் ‘இதையெல்லாமா நம்புறாங்க’ என்பார். அவருக்கு விழ வேண்டிய செய்தி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டு வாடகை ஒப்பந்தம் முடியப்போகும் வாரத்தில் ஒன்று வரலாம், வருமான வரிப் படிவம் அனுப்பிய மறுநாள் ஒன்று வரலாம்.

பெரியம்மா இணைப்பைத் தட்டினார். அஞ்சல் நிறுவனத்தின் பக்கம் மாதிரியே ஒரு பக்கம். வங்கி அட்டை எண் கேட்டது, கொடுத்தார். உடனே அவருடைய வங்கியிலிருந்து ஓடிபி எனப்படும் ஆறு இலக்க எண் வந்தது. அதையும் தட்டினார். ‘நன்றி’ என்று வந்தது.

பலரும் கவனிக்காத ஓர் இடம் இங்கேதான் இருக்கிறது. 1.99 வெள்ளி யாருக்கும் தேவையில்லை. பெரியம்மா எண்களைத் தட்டிய அதே நொடியில், மறுமுனையில் ஒருவர் அந்த அட்டையைத் தன் கைப்பேசியின் மின்பணப்பையில் சேர்த்துக்கொண்டிருந்தார். வங்கி அனுப்பிய ஓடிபி அதற்கானது. ஒருமுறை சேர்த்துவிட்டால் பிறகு ஓடிபி தேவையில்லை. கடையில் கைப்பேசியைக் காட்டினால் போதும், பணம் போய்விடும்.

நான் பின்னால் அந்த ஓடிபி செய்தியை வாங்கிப் படித்தேன். அட்டையை மின்பணப்பையில் சேர்ப்பதற்கான எண் இது, யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. பெரியம்மா அதைப் படிக்கவில்லை. நேர்மையாகச் சொல்லுங்கள், நம்மில் யார் படிக்கிறோம்? ஓடிபி வந்தால் நம் கண் நேராக அந்த ஆறு இலக்கத்துக்குத்தான் போகிறது. கைப்பேசியும் நம் சிரமத்தைக் குறைப்பதாக நினைத்து, எண்ணை மட்டும் பிய்த்தெடுத்துத் திரையில் நீட்டுகிறது. எண்ணுக்கு முன்னும் பின்னும் இருக்கும் அந்த ஒன்றரை வரியில்தான் இது எதற்கான எண், எவ்வளவு தொகை, எந்தக் கடை என்ற விவரமெல்லாம் இருக்கும். பார்சலுக்குக் காசு கட்டுகிறோம் என்று நினைத்திருக்கும்போது வங்கி வேறு எதையோ சொல்கிறது என்றால், அங்கேயே விரலை எடுத்துவிடலாம்.

அன்று இரவு தொடர்நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோது வங்கியிலிருந்து இரண்டு அறிவிப்புகள் வந்தன. மொத்தம் 860 வெள்ளி. பெரியம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொல்லவில்லை. மகனை அழைக்கவில்லை. வங்கியையும் அழைக்கவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சி முடிந்து நான் கோப்பிக்கடையில் இருந்தபோது பெரியம்மா அழைத்தார். “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி ஏதோ மெசேஜை நம்பிக் காசை விட்டுட்டாளாம். இப்ப என்ன செய்யணும்னு கேக்குறா” என்றார். ‘தெரிந்த ஒருத்தி’யைப் பற்றிப் பேசும் குரல் எப்படி இருக்கும் என்பது வானொலிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

“அவங்க அட்டை எந்த வங்கி பெரியம்மா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு அழுகைச் சத்தம்.

அதற்குள் இன்னும் ஐந்து பரிவர்த்தனைகள் நடந்திருந்தன. மொத்தம் 3,260 வெள்ளி. 860 வெள்ளியோடு நின்றிருக்க வேண்டியது. மிச்சம் 2,400 வெள்ளி மோசடிக்காரனின் சாமர்த்தியத்தால் போகவில்லை, வாயைத் திறந்தால் என்ன சொல்வார்களோ என்ற பயத்தால் போனது. அவரிடம் காரணம் கேட்டபோது அவர் மோசடிக்காரனைத் திட்டவேயில்லை. “இனிமே ஒவ்வொரு தீபாவளிக்கும் இதையும் சேத்துச் சொல்லுவானே உங்க மாமா” என்றார்.

வங்கியை அழைத்து அட்டையை முடக்க எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இங்குள்ள பெரிய வங்கிகளில் கணக்கை உடனே முடக்கும் அவசர வசதி இருக்கிறது. அவர்களின் மோசடிப் புகார் எண்ணை அழைத்துச் சொல்லும் விசையை அழுத்தினால் போதும், எதிர்முனையில் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வங்கியின் எண் அட்டையின் பின்புறம் இருக்கிறது. இப்போதே அதைக் கைப்பேசியில் சேமித்துவிட்டு மேலே படியுங்கள், நான் காத்திருக்கிறேன். பணம் போயிருந்தால் முதலில் வங்கி, அடுத்துக் காவல்துறை. போகவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் 1799. அது 24 மணி நேரமும் இயங்கும் எண். ‘இது மோசடியா?’ என்று கேட்பதற்காகவே தொடங்கினார்கள். மெனக்கெட்டு யாரையாவது அழைக்க வேண்டுமா என்று தயங்குகிறவர்கள், ஸ்கேம்‌ஷீல்டு செயலியில் அந்தச் செய்தியையோ இணைய முகவரியையோ ஒட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

“ஆனா அது சரியான பேர்ல வந்துச்சே” என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. குறுஞ்செய்தியின் தலையில் தெரியும் பெயர், அனுப்புகிறவர் எழுதிக்கொள்ளும் சில எழுத்துகள், அவ்வளவுதான். நம் கைப்பேசியோ பெயரைப் பார்த்து வரிசைப்படுத்தும் அப்பாவி. ஒரே பெயரில் வந்தால் உண்மையான செய்திகளுக்குக் கீழேயே பொய்ச் செய்தியையும் அடுக்கி வைக்கும். 2021 டிசம்பரில் ஓசிபிசி வாடிக்கையாளர்கள் சிக்கியது அப்படித்தான். வங்கியின் பழைய செய்திகள் இருந்த அதே இழையில் மோசடிச் செய்தியும் வந்து உட்கார்ந்தது. சுமார் 790 பேர், 13.7 மில்லியன் வெள்ளி. அவர்களில் யாரையும் ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. வங்கி பின்னர் முழுத் தொகையையும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

அதற்குப் பிறகுதான் இங்கே சில கதவுகள் அடைக்கப்பட்டன. வங்கிகள் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தட்டக்கூடிய இணைப்புகளை அனுப்புவதை நிறுத்தின. 2023 ஜனவரி 31 முதல், பெயரைப் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்ப விரும்பும் நிறுவனங்கள் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாத பெயரில் வந்தால் ‘லைக்லி ஸ்கேம்’ என்ற முத்திரையோடு வரும். 2024 ஜூலை முதல் அரசாங்க அமைப்புகள், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, ‘கவ் டாட் எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில்தான் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. ஆனால் இந்தப் பதிவெல்லாம் எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும். ஐமெசேஜ், வாட்ஸ்அப், டெலிகிராம் அதற்குள் வராது. பெரியம்மாவுக்கு வந்தது ஐமெசேஜ். இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து தெரியும்போது, எது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இணைய முகவரியைப் படிப்பது மட்டும் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம். புளோக் எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் விட்டுவிட்டு, கதவில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் பார்த்து யார் வீடு என்று முடிவு செய்வோமா? இணைய முகவரியில் நாம் செய்வது அதுதான். தொடக்கத்தில் தெரிந்த பெயர் இருந்தால் திருப்தியாகிவிடுகிறோம். வலப்பக்கத்திலிருந்து பாருங்கள். முகவரியில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதிதான் உண்மையான உரிமையாளர். அதற்கு முன்னால் வங்கியின் பெயரையோ அமைச்சின் பெயரையோ யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தையும் நம்பிவிடாதீர்கள். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அதற்கும் தெரியாது.

முன்பெல்லாம் எழுத்துப்பிழையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது மோசடிக்காரர்கள் கணினியை எழுதச் சொல்கிறார்கள். அவர்களுடைய மின்னஞ்சல்தான் பிழையில்லாமல் வருகிறது, மேலாளர்கள் அவசரத்தில் அனுப்பும் உண்மையான மின்னஞ்சலில்தான் பாதி வார்த்தை இருக்காது. அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள், மேலதிகாரி பெயரில் வரும் ‘உடனே இந்தக் கணக்குக்குப் பணம் மாற்று’ என்ற மின்னஞ்சலுக்கு அதிலேயே பதில் அனுப்பாமல், எழுந்து போய் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தொலைபேசி அழைப்பு என்றால் இன்னோர் அடையாளம் உண்டு: உள்ளூர் எண்ணிலிருந்து வரும் சாதாரண அழைப்பில் ‘பிளஸ்’ குறி தெரியாது. ‘பிளஸ் 65’ என்று வந்தால் அழைப்பு வெளிநாட்டிலிருந்து வருகிறது. உள்ளூர் எண் மாதிரி நடிக்கிறது, அவ்வளவுதான். 2020லிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது, ஆனாலும் எங்கள் நேயர்களில் பாதிப் பேருக்கு இது புதிய செய்தியாகவே இருக்கிறது. பிளஸ் இல்லாவிட்டால் பத்திரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளூர் சிம் அட்டைகளும் அவர்கள் கைக்குப் போகின்றன.

குரலையே போலி செய்கிறார்களே என்று கேட்பீர்கள். தினமும் மூன்று மணி நேரம் காற்றில் பேசுகிற எனக்கு இது கொஞ்சம் கூடுதலான கவலை. அதனால் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். பணம் வேண்டும் என்று என் குரலில் யாராவது அழைத்தால், அம்மா தாத்தா வீட்டில் வளர்ந்த நாயின் பெயரைக் கேட்பார். போன மாதம் நான் உண்மையிலேயே மார்க்கெட்டில் கைப்பையை விட்டுவிட்டு, கடைக்காரர் கைப்பேசியிலிருந்து அழைத்தபோதும் கேட்டார். சொன்ன பிறகுதான் பேச்சே.

மாமாவிடம் நான்தான் போய்ப் பேசினேன். அவர் நல்ல மனிதர், கேலி செய்வதுதான் அவருக்குத் தெரிந்த பாசம். பெரியம்மா மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்கு எதைக் காரணமாகச் சொன்னார் என்று சொன்னேன். மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் கைப்பேசியைத் திறந்து, ஒரு கணக்கு அறிக்கையைக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன்னால், முதலீட்டுக் குழு ஒன்றில், நாலாயிரத்துச் சொச்சம். அத்தைக்கே தெரியாதாம். பெரியம்மாவிடம் அவரே சொல்லிவிட்டார், அத்தையிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

பெரியம்மாவின் பணம் இன்னும் திரும்பவில்லை. வங்கியின் விசாரணை முடியவில்லை. ஓடிபி எண்ணை அவரே தட்டியதால் முழுத் தொகையும் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இப்போது சேமிப்பின் பெரும்பகுதியை வங்கியில் ‘பூட்டி’ வைத்திருக்கிறார். 2023 இறுதியிலிருந்து இங்குள்ள மூன்று பெரிய வங்கிகளிலும் இந்த வசதி உண்டு. பூட்டிய பணத்தை இணையம்வழி யாரும் மாற்ற முடியாது, அவராலும் முடியாது. வேண்டுமென்றால் வங்கிக்கோ ஏடிஎம்முக்கோ நேரில் போய்த் திறக்க வேண்டும். நகையை லாக்கரில் வைப்பது மாதிரி என்று சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். சந்தேகமான செய்தி வந்தால் அதை அம்மாவுக்கு அழைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து திட்டுகிறார்கள். சில நாள் அது அரை மணி நேரம் நீள்கிறது.

பார்சல் அடுத்த திங்கட்கிழமை வந்தது. கட்டணம் ஏதும் கேட்கவில்லை.

இதை அச்சுக்கு அனுப்புமுன் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பேட்டையின் பெயரை மட்டும் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். மூவாயிரத்துச் சொச்சம் போனது இருக்கட்டும், அனுதாபச் செய்தியும் இருக்கட்டும் என்றார். “சேலை என்ன விலைன்னு மட்டும் எழுதிடாதே. உங்க பெரியப்பாகிட்ட பாதிதான் சொல்லிருக்கேன்.”